ஏ/எல் முடித்தவருக்குப் பவுண்டேஷன் ஆண்டு எதற்கு?

கேள்வி இதுதான். வெள்ளவத்தையில் இருக்கும் ஒரு தம்பி, உயர்தரத்தில் வணிகப் பிரிவில் ஒரு பி, இரண்டு சி எடுத்திருக்கிறார். இங்கிலாந்தில் வணிக முகாமைத்துவம் படிக்க விருப்பம். அவர் போய்ப் பார்த்த ஏஜென்சியில், ஒரு வருடம் பவுண்டேஷன் செய்தால்தான் பட்டப்படிப்பில் சேரலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அதைத் தவிர்த்து நேரே முதலாம் ஆண்டுக்குப் போக முடியாதா என்று கேட்கிறார். கூடவே இன்னொன்று: இப்போதுதான் ஓ/எல் முடித்த தங்கைக்கு ஏ/எல்லே வேண்டாம், பவுண்டேஷன் செய்துவிட்டுப் பட்டத்துக்குப் போகலாம், இரண்டு வருடம் மிச்சம் என்று அதே இடத்தில் சொன்னார்களாம். அது சரியா?

தம்பி, உங்கள் விஷயத்தில் தவிர்க்கலாம். உங்கள் பெறுபேற்றுக்கு அதைத் தவிர்க்கத்தான் வேண்டும் என்பேன். தங்கை விஷயம் வேறு. ஓ/எல்லை மட்டும் வைத்துக்கொண்டு முதலாம் ஆண்டில் சேர வழியில்லை. பவுண்டேஷன் செய்தால் சேரலாம். ஆனாலும் அவளை ஏ/எல் படிக்க வையுங்கள் என்றுதான் சொல்வேன்.

பவுண்டேஷன் எதற்காக வந்தது என்று பார்த்தால் இது விளங்கும். இங்கிலாந்தில் ஒரு பிள்ளை 13 வருடம் பள்ளியில் படித்து, கடைசி இரண்டு வருடத்தில் மூன்று பாடத்தை ஆழமாகப் படித்து ஏ லெவல் எழுதுகிறது. அதனால்தான் இங்கிலாந்தில் பட்டத்தை மூன்று வருடத்தில் முடிக்க முடிகிறது. பல நாடுகளில் பள்ளிப் படிப்பு 12 வருடத்தோடு முடிந்துவிடும். அந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு இடையில் குறைகிற ஒரு வருடத்தை நிரப்பத்தான் பவுண்டேஷன் ஆண்டு. இலங்கையில் நாம் தரம் 13 வரை படிக்கிறோம். நமது ஏ/எல் அந்த பிரிட்டிஷ் முறையிலிருந்து வந்த பரீட்சைதான். இலங்கைத் தகைமைச் சட்டகத்திலும் ஓ/எல் முதலாம் மட்டம், ஏ/எல் இரண்டாம் மட்டம் என்று தனித்தனியாகத்தான் வைத்திருக்கிறார்கள். ஆகவே பவுண்டேஷன் என்பது ஏ/எல்லுக்குப் பதிலாகச் செய்வது. ஏ/எல்லில் நல்ல சித்தி எடுத்தவர் அதற்கு மேல் பவுண்டேஷனும் செய்தால், ஒரே மட்டத்தை இரண்டு தடவை படிக்கிறார், இரண்டாம் தடவை ஸ்டேர்லிங் பவுணில் காசு கட்டிக்கொண்டு.

அப்படியென்றால் ஏஜென்சியில் ஏன் அப்படிச் சொல்கிறார்கள்? அவர்களுடைய வருமானம் பெரும்பாலும் மாணவரிடமிருந்து வருவதில்லை, சேர்த்துக்கொள்ளும் நிறுவனம் தரும் கமிஷனாக வருகிறது. அதனால்தான் ஆலோசனை இலவசம் என்று வாசலிலேயே எழுதி ஒட்ட முடிகிறது. எந்த நிறுவனங்களோடு ஒப்பந்தம் இருக்கிறதோ அவற்றைத்தான் காட்டுவார்கள். அந்தப் பட்டியலில் உள்ள பல்கலைக்கழகம் உங்களை நேரே எடுக்காவிட்டால், நேரே எடுக்கக்கூடிய வேறு பல்கலைக்கழகத்தை அவர்களாகச் சொல்வார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். எல்லா ஏஜென்சியும் ஏமாற்றுகிறது என்று நான் சொல்லவில்லை, நேர்மையாக வேலை செய்கிறவர்களையும் எனக்குத் தெரியும். ஆனால் அவர்கள் சொல்வதைப் பல்கலைக்கழகத்தின் முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சேர்ப்பதா இல்லையா என்று முடிவெடுப்பது பல்கலைக்கழகத்தின் அனுமதிப் பிரிவு மட்டும்தான்.

அதை நீங்களே கேட்டுவிடலாம். பெரும்பாலான பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களின் இணையத்தளங்களில் நாடு வாரியாக நுழைவுத் தகுதி போட்டிருப்பார்கள். இலங்கை என்ற பக்கத்தைத் திறந்து, உள்ளூர் ஏ/எல்லை ஏற்கிறார்களா, என்ன தரம் கேட்கிறார்கள் என்று பாருங்கள். பிரிட்டிஷ் ஏ லெவலுக்கு, அங்கே பட்டப்படிப்பு விண்ணப்பங்களைப் பொதுவாக வாங்கிக் கையாளும் யூகாஸ் அமைப்பின் கணக்கில் ஏ என்றால் 48 புள்ளி, பி என்றால் 40, சி என்றால் 32. உங்கள் பி, சி, சி பிரிட்டிஷ் ஏ லெவலாக இருந்திருந்தால் 104 புள்ளி. வணிக முகாமைத்துவத்துக்கு அந்த அளவில் மாணவர்களை எடுக்கும் பல்கலைக்கழகங்கள் நிறைய உண்டு. நமது ஏ/எல்லைச் சில பல்கலைக்கழகங்கள் அதற்குச் சமமாக வைக்கும், சில கொஞ்சம் கூடுதல் தரம் கேட்கும். அதனால்தான் ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்கிறேன். சந்தேகம் இருந்தால் பெறுபேற்றுத் தாளின் பிரதியோடு அனுமதிப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். "எனது இலங்கை ஏ/எல் பெறுபேறு இது, இந்தப் பட்டத்தின் முதலாம் ஆண்டுக்கு நேரே தகுதி உண்டா" என்று இரண்டு வரி போதும். அவர்கள் எழுத்தில் தரும் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு பிறகு ஏஜென்சிக்குப் போங்கள், பேச்சே மாறிவிடும். யூகாஸ் வழியாக நீங்களே ஒரே விண்ணப்பத்தில் ஐந்து தெரிவு வரை போடலாம், ஏஜென்சி கட்டாயமில்லை.

சரி, ஏ/எல் இருந்தும் பவுண்டேஷன் உண்மையிலேயே தேவைப்படும் ஆட்கள் இருக்கிறார்கள். மூன்று எஸ், அதாவது ஆகக் குறைந்த சித்தி, மட்டும் எடுத்தவர் ஒரு வகை. இங்கே அரச பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க ஒரே தடவையில் மூன்று எஸ்ஸும் ஏ/எல்லோடு சேர்த்து எழுதும் பொதுச் சாதாரணப் பரீட்சையில் 30 புள்ளியும் குறைந்தபட்சத் தகுதி. வெளிநாட்டில் பெரும்பாலான இடங்களுக்கு மூன்று எஸ் போதாது. இன்னொரு வகை, பாடம் மாறுகிறவர்கள். கலைப் பிரிவில் படித்துவிட்டுப் பொறியியல் படிக்கப் போகிறவர், வணிகப் பிரிவிலிருந்து கணிதம் நிறைந்த கணினி விஞ்ஞானத்துக்குப் போகிறவர். இவர்களுக்கு மூன்று ஏ இருந்தாலும் முதலாம் ஆண்டு வகுப்பில் வகையீடும் தொகையீடும் வரும்போது கஷ்டம்தான். அந்த இடத்தில் பவுண்டேஷன் வீண் செலவில்லை. குறைகிற அந்த ஒரு பாடத்தை மட்டும் லண்டன் ஏ/எல்லில் எழுதிக்கொள்வதும் வழி. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆங்கிலம் குறைவு என்பதற்காகவும் பவுண்டேஷன் செய்யச் சொல்வார்கள். தமிழ் மொழிமூலம் படித்த பிள்ளைகளுக்கு இதை அடிக்கடி சொல்கிறார்கள், கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். பாட அறிவு இருந்து ஆங்கிலம் மட்டும் குறைந்தால், ஒரு முழு வருடம் கணக்கியலையும் பொருளியலையும் திரும்பப் படிப்பதில் என்ன பயன்? நான்கைந்து மாதம் இங்கேயே உட்கார்ந்து ஐஈஎல்டிஎஸ்ஸுக்கு ஒழுங்காகப் படித்து எழுதலாம். கேட்கும் புள்ளிக்குக் கொஞ்சம் குறைந்தால், பட்டப்படிப்பு தொடங்கும் முன் சில வாரம் நடக்கும் ஆங்கில வகுப்பு பல பல்கலைக்கழகங்களில் உண்டு. இதில் ஏஜென்சிகள் சொல்லாமல் விடுகிற ஒரு விஷயம்: பட்ட மட்டத்துக்குப் போகிறவரின் ஆங்கிலத்தைப் பல்கலைக்கழகமே மதிப்பிட்டுக்கொள்ளலாம் என்று பிரிட்டிஷ் மாணவர் விசா விதி இடம் கொடுக்கிறது. பவுண்டேஷன் பட்டத்துக்குக் கீழ் மட்டம் என்பதால், தனியாக அதற்குப் போகிறவருக்கு அந்தச் சலுகை இல்லை. விசாவுக்கென்று அங்கீகரித்த பரீட்சையைத்தான், அதாவது ஐஈஎல்டிஎஸ் என்றால் யூகேவிஐ வகையைத்தான், எழுத வேண்டும். ஆங்கிலப் பரீட்சைக்குப் பயந்து பவுண்டேஷன் பக்கம் போனால் பரீட்சை அங்கேயும் காத்திருக்கிறது.

ஏ/எல் இருப்பவர்களுக்கு "இன்டர்நேஷனல் இயர் வன்" என்று ஒன்றும் காட்டுவார்கள். இது பவுண்டேஷன் இல்லை. பட்டத்தின் முதலாம் ஆண்டுக்குச் சமமான வருடம், சித்தியடைந்தால் இரண்டாம் ஆண்டில் சேரலாம். வருடம் வீணாகாது. நேரே எடுக்கச் சற்றே தரம் குறைந்தவர்கள் பவுண்டேஷனுக்கு முன் இதைக் கேட்டுப் பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் டிப்ளோமா என்ற பெயரில் இதே வேலையைச் செய்யும் கற்கைநெறிகள் இருக்கின்றன. ஸ்கொட்லாந்தில் ஒனர்ஸ் பட்டம் நான்கு வருடம். நல்ல ஏ லெவல் பெறுபேறு இருந்தால் சில பட்டங்களில் நேரே இரண்டாம் ஆண்டுக்கே எடுப்பார்கள். இந்தியாவில் 12ஆம் வகுப்புக்கு இணையான தகுதி கேட்பார்கள், நமது ஏ/எல் அதற்குச் சரி. ஓ/எல்லோடு ஒரு பவுண்டேஷன் சான்றிதழை நீட்டினால் அங்கே பிரச்சினைதான்.

இனித் தங்கை.

ஓ/எல் முடித்த வீட்டில் இந்தப் பேச்சு ஏன் எடுபடுகிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். கொழும்பு மாவட்டத்தில் ஏ/எல் எழுதி அரச பல்கலைக்கழகம் போவது லேசான காரியமில்லை. இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைப்படி, 55 வீதம் மாவட்ட அடிப்படையில், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கொழும்பு மாவட்டத்து வெட்டுப்புள்ளி பல துறைகளுக்கு மேலேயே நிற்கும். பரீட்சை முடிந்து பெறுபேறு வர மாதக் கணக்கு, பிறகு இசட் புள்ளி, பிறகு அனுமதி, பிறகு வளாகத்தில் இடம். பக்கத்து வீட்டுப் பிள்ளை தனியார் வளாகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறது, நம் பிள்ளை இன்னும் வீட்டில் இருக்கிறதே என்று தாய் தகப்பன் தவிப்பது நியாயம்தான். ஓ/எல் முடிந்த கையோடு ஒரு வருடத்தில் கம்பஸ் என்றால் யாருக்குத்தான் மனம் போகாது.

ஆனால் பவுண்டேஷன் சான்றிதழ் பெரும்பாலும் அதைக் கொடுத்த நிறுவனத்துக்கும் அதோடு ஒப்பந்தமுள்ள ஒன்றிரண்டு பல்கலைக்கழகங்களுக்கும்தான் செல்லும். ஏ/எல் அநேகமாக எங்கேயும் செல்லும். 2022இல் இதைக் கண்ணெதிரே பார்த்தோம். அந்த வருடம் மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபா சொச்சம், மே மாதத்தில் 360. வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைக்கு ரூபாவில் உழைத்துக் காசு அனுப்பிய குடும்பங்கள் அந்த இரண்டு மாதத்தில் நொடிந்துபோயின. எனக்குத் தெரிந்த கொட்டாஞ்சேனைப் பிள்ளை ஒன்று, ஓ/எல்லில் நல்ல பெறுபேறு, ஏ/எல் படிக்காமல் பவுண்டேஷன் முடித்து மலேசியாவில் கணக்கியல் முதலாம் ஆண்டில் இருந்தது. தகப்பனுக்கு ஐந்துலாம்புச் சந்திப் பக்கம் சின்ன வியாபாரம். அடுத்த தவணைக் கட்டணம் கட்ட வழியில்லாமல் பிள்ளையைக் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

இங்கே வந்த பிறகுதான் நிலைமை தெரிந்தது. அரச உயர் தொழில்நுட்பவியல் நிறுவகத்தில் கணக்கியல் உயர் டிப்ளோமாவுக்கு விண்ணப்பிக்கலாம் என்று பார்த்தால் ஏ/எல் கேட்டார்கள். கல்வியியற் கல்லூரிக்கும் ஏ/எல் வேண்டும், தாதியர் பயிற்சிக்கும் ஏ/எல் வேண்டும். அரச பல்கலைக்கழகத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பவுண்டேஷன் சான்றிதழை மேசையில் வைத்தால், இது என்ன என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அந்தப் பிள்ளை தனிப்பட்ட பரீட்சார்த்தியாக இருந்து ஏ/எல் எழுதி இப்போது டிப்ளோமா படிக்கிறது. கெட்டிக்காரப் பிள்ளை, எழுந்து நின்றுவிட்டது. ஆனால் மிச்சம் பிடிக்கப் போன இரண்டு வருடத்துக்கு மேலேயே போய்விட்டது.

இன்னொன்றையும் கவனியுங்கள். கொழும்பைச் சுற்றியுள்ள பல தனியார் வளாகங்களில் ஒரே கட்டிடத்தில் இரண்டு வகைப் பட்டம் நடக்கிறது. ஒன்று, இலங்கை அரசின் அங்கீகாரம் பெற்ற உள்ளூர்ப் பட்டம். அதற்குப் பொதுவாக ஏ/எல் மூன்று பாடச் சித்தி வேண்டும். மற்றது, வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பட்டத்தை இங்கே கற்பிப்பது. பவுண்டேஷன் பெரும்பாலும் இதற்குத்தான் உதவும், கட்டணமும் அநேகமாக இதற்குத்தான் கூட. தங்கை பவுண்டேஷன் வழியாகப் போனால், கட்டிடத்துக்குள் நுழைந்த பிறகும் பாதிக் கதவு அவளுக்குத் திறக்காது. இதை வரவேற்பு மேசையில் யாரும் தாமாகச் சொல்ல மாட்டார்கள், கேட்டால் சொல்வார்கள்.

மருத்துவம் என்றால் நான் கண்டிப்பாகவே சொல்வேன். ஓ/எல்லோடு பவுண்டேஷன் செய்து வெளிநாட்டில் மருத்துவம் என்று யாராவது சொன்னால், காசு கட்டும் முன் இலங்கை மருத்துவ சபையிடம் நீங்களே கேளுங்கள். திரும்பி வந்து இங்கே வேலை செய்ய, வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கான ஈஆர்பிஎம் பரீட்சை எழுத வேண்டும்; அதற்கு, படித்த பல்கலைக்கழகம் அவர்கள் அங்கீகரித்ததாக இருக்க வேண்டும், மருத்துவக் கல்லூரியில் சேரும்போது என்ன தகுதியோடு சேர்ந்தீர்கள் என்பதையும் பார்ப்பார்கள். உயர்தரத்தில் உயிரியல் பிரிவு படிக்காத பிள்ளைக்கு ஆறு வருடம் செலவழித்த பிறகு இந்தச் சிக்கல் வரக் கூடாது.

பட்டமே மட்டமாகிவிடுமா என்று சிலர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. பட்டச் சான்றிதழில் பவுண்டேஷன் வழியாக வந்தவர் என்று எங்கும் எழுதியிருக்காது. வெளிநாட்டுப் பட்டத்தை அங்கீகரிக்கும்போது வோர்ட் பிளேஸில் உள்ள பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு, பட்டம் கொடுத்த பல்கலைக்கழகம் சர்வதேசப் பல்கலைக்கழகக் கையேட்டிலோ பொதுநலவாயப் பல்கலைக்கழக ஆண்டு நூலிலோ இருக்கிறதா என்றுதான் முக்கியமாகப் பார்க்கும்.

பவுண்டேஷன் நன்றாக ஒத்துவருகிற பிள்ளைகளும் உண்டு. எட்டாம் வகுப்பிலிருந்தே கணினியில் நிரல் எழுதிக்கொண்டிருக்கிற பையன், வேறு எதுவும் படிக்கப் போவதில்லை என்று வீட்டுக்கே தெரியும், பட்டத்தையும் கொழும்பிலேயே ரூபாவில் கட்டிப் படிக்கப் போகிறான். அவனுக்கு ஏ/எல்லில் பௌதிகவியலோடு மல்லுக்கட்டுவதைவிட, வெள்ளவத்தை இராமகிருஷ்ண வீதியில் வெஸ்ட்மின்ஸ்டர் பல்கலைக்கழகப் பட்டம் கற்பிக்கும் ஐஐடி (இன்போமட்டிக்ஸ் இன்ஸ்டிடியூட், இந்திய ஐஐடி அல்ல) போன்ற இடத்தில் ஓ/எல்லோடு பவுண்டேஷனில் சேர்ந்து முன்னேறுவது புத்திசாலித்தனமாகவே இருக்கலாம். வேலைக்குப் போய்விட்டு இருபத்தைந்து வயதில் படிக்க நினைக்கிறவருக்கு நாவலையில் உள்ள திறந்த பல்கலைக்கழகத்தில் ஏ/எல் இல்லாதவர்களுக்கென்றே பவுண்டேஷன் இருக்கிறது, வெளிநாட்டுக் கட்டணத்தோடு பார்த்தால் செலவு ஒன்றுமே இல்லை. கைத்தொழில் பக்கம் போனவருக்கு என்விகியூ எனும் தேசியத் தொழில் தகைமையில் ஐந்தாம், ஆறாம் மட்டம் முடித்து இரத்மலானையில் உள்ள தொழில்சார் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகத்தில் பட்டம் வரை போகலாம். இந்த வழியை நம் ஆட்கள் அதிகம் யோசிப்பதில்லை, யோசிக்க வேண்டும்.

தங்கைக்கு அரச பல்கலைக்கழகத்தில் ஆர்வம் இல்லை, சீக்கிரம் முடித்து வெளிநாடு போக வேண்டும் என்றால், நான் முன்னால் சொன்ன லண்டன் ஏ/எல் இருக்கிறது. எடெக்ஸெல் சர்வதேச ஏ லெவல் அலகு அலகாக எழுதுவது. ஜனவரி, மே-ஜூன், ஒக்டோபர் என்று வருடத்தில் மூன்று பரீட்சைக் காலம் உண்டு. ஒழுங்காகப் படிக்கும் பிள்ளை ஒன்றரை வருடத்தில் முடித்துவிடும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டியில் இதற்கு ரியூஷன் வகுப்புக்குப் பஞ்சமில்லை. பவுண்டேஷனைவிட ஆறு மாதம் கூட எடுக்கும், ஆனால் கையில் வருவது உலகம் முழுக்க ஏற்கிற தகுதி. ஒரு விஷயத்தை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்: இங்கே இருந்து லண்டன் ஏ/எல் எழுதினால் அரச பல்கலைக்கழகத்துக்குப் போக முடியாது, அதற்கு உள்ளூர் ஏ/எல்தான் வேண்டும். தங்கைக்கு இன்னும் மனம் ஒரு பக்கம் நிற்கவில்லை என்றால் உள்ளூர் ஏ/எல்லையே எடுக்கட்டும். உள்ளூர் ஏ/எல்லோடு வெளிநாடும் போகலாம், இங்கேயும் இருக்கலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் வீட்டில் பவுண்டேஷன் என்று முடிவெடுத்தால், முற்பணம் கட்டும் முன் சேர்க்கைக் கடிதத்தைத் தங்கையும் நீங்களும் சேர்ந்திருந்து ஒரு வரி விடாமல் வாசியுங்கள். பவுண்டேஷனில் சித்தியடைவதற்கு ஒரு புள்ளி, பட்டத்துக்கு முன்னேறுவதற்கு இன்னொரு புள்ளி இருக்கும். 40 எடுத்தால் சித்தி, ஆனால் அவள் கேட்ட பட்டத்துக்கு 60 வேண்டும், ஆங்கிலத்தில் அதற்கும் மேல் வேண்டும் என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். இடையில் 54 எடுத்த பிள்ளையை விரும்பாத வேறொரு பட்டத்துக்குத் தள்ளிவிடுவார்கள். அந்தப் புள்ளியைத் தெளிவாக எழுதித் தரச் சொல்லுங்கள். இந்தச் சான்றிதழை வேறு எந்தெந்தப் பல்கலைக்கழகம் ஏற்கும் என்று பெயரோடு பட்டியல் கேளுங்கள். விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு காசு, எத்தனை நாளில் திரும்பும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொல்கிறோம், பிரச்சினை இல்லை என்றால் அன்றைக்குக் காசு கட்டாமல் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.